கறுப்புத் திரைக்கு ஆர் பொறுப்பு?

"லினக்ஸ் எல்லாம் சரிவராது தம்பி. கிராஃபிக்ஸ் காட்டையே எடுக்குதில்லை. விண்டோஸ் அடிச்சுத் தாறன், பின்னேரம் வந்து எடுங்கோ."

நெல்லியடியில் இருந்து சாவகச்சேரி வரைக்கும், கொம்பியூட்டரைத் திருத்தக் குடுத்த ஆரும் இப்படியொரு வசனத்தைக் கேட்டிருப்பீர்கள். கேட்க அனுபவசாலி ஒருவர் சொல்லும் தீர்ப்பு மாதிரித்தான் இருக்கும். ஆனால் இந்தத் தீர்ப்பில் குற்றவாளி மாறிப்போயிருக்கிறார். உங்கள் காட்டை லினக்ஸ் மறுக்கவில்லை. காட்டைச் செய்த நிறுவனம்தான் அதைப்பற்றிய தகவலை லினக்ஸுக்குத் தர மறுத்தது. கொஞ்ச வருசம் போனால் அதே நிறுவனம் உங்களையும் மறுக்கும். கறுப்புத் திரையைத் தொழில்நுட்பக் கோளாறு எண்டு மட்டும் பார்க்கும்வரை, நாங்கள் திரும்பத் திரும்ப அதே காட்டை வாங்கி, அதே கடைக்குப் போய், அதே வசனத்தைக் கேட்டுக்கொண்டுதான் இருப்பம்.

முதலில் என்ன நடக்குது எண்டு பார்ப்பம்.

டிரைவர் என்பது ஒரு மொழிபெயர்ப்பாளர். ஒரு பக்கம் இயங்குதளத்தின் நடுவில் இருக்கும் கேர்னல். தமிழில் இதைக் கருனி எண்டும் எழுதுவார்கள். மற்றப் பக்கம் காட்டில் இருக்கும் சிப். அந்தச் சிப்புக்கு எந்தக் கட்டளையை எந்த ஒழுங்கில் அனுப்பவேணும் எண்டு தெரிந்தால்தான் மொழிபெயர்க்கலாம். அந்த அகராதி நிறுவனத்தின் கையில் இருக்கிறது. தந்தால் ஆரும் டிரைவர் எழுதலாம். தராவிட்டால் இரண்டு வழிதான்: நிறுவனம் பூட்டித் தரும் டிரைவரை அப்படியே விழுங்குவது, அல்லது அந்தப் பூட்டிய டிரைவர் என்ன செய்யுது எண்டு வெளியில் நிண்டு பார்த்துப் பார்த்து ஊகித்து எழுதுவது.

என்விடியா காட்டுகளுக்கு அந்த இரண்டாவது வழியில் எழுதப்பட்டதுதான் நூவோ. பல வருசம் தன்னார்வலர்கள் ஊகித்து எழுதிய அந்த டிரைவர் 2010 பெப்ரவரியில் லினக்ஸ் கேர்னலுக்குள் வந்தது. நீங்கள் மின்ற்றோ உபுண்டுவோ போட்ட உடனே திரை வருகிறதெண்டால், பெரும்பாலும் அதுதான் காரணம். ஆனால் அதன் காலில் ஒரு சங்கிலி இருக்கிறது. 2014இல் வந்த இரண்டாம் தலைமுறை மக்ஸ்வெல் சிப்புகளில் இருந்து, நிறுவனம் கையொப்பமிட்ட ஃபேம்வெயார் இல்லாமல் சிப்பின் வேகத்தைக் கூட்ட முடியாது. அந்தத் தேவையான ஃபேம்வெயாரை நிறுவனம் நூவோவுக்குத் தரவில்லை. விளைவு, காட் தொடங்கும்போது இருந்த ஆரம்ப வேகத்திலேயே கிடக்கும். லொறியை வித்துப்போட்டு முதலாம் கியரை மட்டும் தந்த மாதிரி. பிறகு வந்து "இந்த றோட்டு சரியில்லை, லொறி ஓடுதில்லை" எண்டு சொல்லுகிறோம்.

2012இல் பின்லாந்தின் ஆல்ரோ பல்கலைக்கழகத்தில் லினஸ் ரோர்வால்ட்ஸ் பேசினார். சபையில் இருந்த ஒரு பெண் தன்னுடைய மடிக்கணினியில் என்விடியா படுத்தும் பாட்டைச் சொல்லிக் கேட்டார். தாங்கள் கையாண்ட நிறுவனங்களிலேயே மிக மோசமானது அதுதான் எண்டு சொல்லி, கமராவைப் பார்த்து நடுவிரலைக் காட்டினார் அவர். அந்தப் படம் இண்டைக்கும் பகிடியாகச் சுத்துது. பகிடியை ரசித்த எங்களில் எத்தனை பேர் அந்தப் பெண்ணின் கேள்வி எங்களுடைய கேள்வியும்தான் எண்டு யோசித்தோம்?

2022 மே மாதம் என்விடியா ஒரு பகுதியைத் திறந்தது. கேர்னலுக்குள் ஓடும் பகுதியின் மூலநிரலை வெளியிட்டது. நல்ல விஷயம்தான். 2024 ஜனவரியில் வந்த 6.7ஆம் கேர்னலில் நூவோவும் புதிய ஃபேம்வெயாரைப் பாவிக்கத் தொடங்கியது. ஆனால் இவை இரண்டும் 2018இல் வந்த ரியூரிங் தலைமுறைக்கும் அதற்குப் பிந்தியவற்றுக்கும் மட்டும்தான்.

இப்ப கணக்குப் போட்டுப் பாருங்கோ. மிகப் பழைய காட்டுகளில் ஊகித்து எழுதிய டிரைவர் ஓரளவுக்கு வேகத்தைக் கூட்டும். புதிய காட்டுகளுக்குக் கதவு பாதி திறந்திருக்கு. நடுவில் மாட்டுப்பட்டது எது? ஜிடிஎக்ஸ் 950, 960, 1050, 1050 ரிஐ, 1060. பழைய வழிக்குப் புதிது, புதிய வழிக்குப் பழசு. இவற்றுக்கு இருக்கும் ஒரே நல்ல டிரைவர் நிறுவனத்தின் பூட்டிய டிரைவர்தான். அதிலும் 580 தொடர்தான் மக்ஸ்வெல், பாஸ்கல் காட்டுகளுக்குக் கடைசி எண்டு 2025இல் அறிவித்தாயிற்று. அதற்குப் பிறகு கொஞ்சக் காலம் பாதுகாப்புத் திருத்தம் வரும், அவ்வளவுதான்.

இந்தப் பட்டியல் உங்களுக்குப் பழக்கமானதாக இருந்தால் அது தற்செயல் இல்லை. 2022இல் ரூபா விழுந்தது. அதே வருசம் செப்ரெம்பர் 15ஆம் திகதி எதீரியம் தன்னுடைய முறையை மாற்றி, காட்டுகளால் நாணயம் தோண்டும் வேலையை நிறுத்தியது. உலகம் முழுக்கப் பாவித்த காட்டுகள் சந்தைக்கு வந்து விழுந்தன. புதுக் காட்டின் விலை எட்டாத பொடியளுக்கு எட்டினது இந்த இடைத் தலைமுறைதான். எங்கட வருமானத்துக்குக் கிடைக்கும் பொருளும், நிறுவனம் கைவிடும் பொருளும் ஒண்டாக இருக்கிறது. ஏழைப்பட்ட நாட்டுக்குப் பொருள் வந்து சேரும் நேரமும், அதற்கான ஆதரவு முடியும் நேரமும் ஒண்டாகத்தான் இருக்கும். சந்தையின் ஒழுங்கே அதுதான்.

இன்னும் மலிவாகப் போனால் ஜிடி 730. இந்தப் பெயரில் இரண்டு வேறு தலைமுறைச் சிப்புகள் விற்கப்பட்டன. சிலதில் இருப்பது ஃபேர்மி, சிலதில் கெப்ளர். முதலாவதுக்கு 390 தொடர் டிரைவர், அதன் ஆதரவு 2022ஓட முடிந்தது. இரண்டாவதுக்கு 470 தொடர், அது 2024ஓட முடிந்தது. ஒண்டுக்கு எழுதினது மற்றதுக்குப் பொருந்தாது. பெட்டியில் பெயர் ஒண்டுதான். ஒரு பொடியன் யூரியூப்பைப் பார்த்து "ஜிடி 730க்கு இதைத்தான் போடவேணும்" எண்டு போட, திரை கறுத்துப்போகுது. அவன் என்ன நினைப்பான்? தனக்குத் தெரியாது எண்டு நினைப்பான், அல்லது லினக்ஸ் குப்பை எண்டு நினைப்பான். இரண்டு சிப்புக்கு ஒரு பெயர் வைத்தவனை ஆரும் நினைப்பதில்லை.

"எல்லா நிறுவனமும் அப்படித்தானே?" எண்டு கேட்பீர்கள். இல்லை. ஏஎம்டி 2007இல் தன்னுடைய சிப்புகளின் ஆவணங்களை வெளியிடத் தொடங்கியது. 2015இல் அதன் புதிய திறந்த டிரைவர் கேர்னலுக்குள் வந்தது. 2012இல் வந்த எச்டி 7000 தொடர்க் காட்டுகளை எடுங்கோ. அவற்றுக்கான விண்டோஸ் டிரைவரை 2021இல் ஏஎம்டியே நிறுத்திவிட்டது. ஆனால் லினக்ஸில் அதே காட்டுகள் 2025 இறுதியில், புதிய டிரைவருக்கு இயல்பாகவே மாற்றப்பட்டன. அந்த வேலையைச் செய்தது வால்வ் நிறுவனத்துக்காக வேலைசெய்யும் ஒரு நிரலாளர். காட்டைச் செய்த நிறுவனம் கைவிட்ட பிறகும், தேவைப்பட்ட இன்னொருவர் கைபோட முடிந்தது. காரணம், நிரல் ஒருவரின் அலுமாரிக்குள் பூட்டுப்படவில்லை. ஏஎம்டி ஒண்டும் புனிதர் இல்லை. அவர்களின் ஃபேம்வெயார் இன்னும் மூடித்தான் இருக்கு. நான் நல்ல நிறுவனம், கெட்ட நிறுவனம் எண்டு பிரிக்க வரவில்லை. நிறுவனம் போனபிறகு பொருள் உயிரோட இருக்குமா எண்டதுதான் கேள்வி.

இது புதிய சண்டையும் இல்லை. கட்டற்ற மென்பொருள் இயக்கத்தின் கதையே ஒரு டிரைவரில்தான் தொடங்குகிறது. 1980 அளவில் எம்ஐரி ஆய்வுகூடத்துக்கு செரொக்ஸ் நிறுவனத்தின் லேசர் பிரின்ரர் ஒண்டு வந்தது. பேப்பர் இறுகினால் எல்லாருக்கும் தகவல் அனுப்பும்படி அதைத் திருத்த ரிச்சர்ட் ஸ்ரோல்மன் விரும்பினார். மூலநிரல் கேட்டார். வைத்திருந்த ஆள், தரமாட்டன் எண்டு ஒப்பந்தத்தில் கையெழுத்து வைத்துவிட்டதாகச் சொல்லி மறுத்தார். 1983இல் ஸ்ரோல்மன் குனு திட்டத்தை அறிவித்ததற்குப் பின்னால் இந்தக் கோபமும் இருந்தது. அன்று பிரின்ரர், இண்டைக்குக் கிராஃபிக்ஸ் காட்.

இந்த இடத்தில் எங்கட ஊர்ப் பெருமை ஒண்டையும் கொஞ்சம் கீறிப் பார்க்கவேணும். "எங்கட சனம் எதையும் திருத்தும்" எண்டு சொல்லிக்கொள்வம். உண்மைதான். 90களில் குடாநாட்டில் கறண்ட் இல்லை, பற்றரிக்குத் தடை. சைக்கிளைக் கவிழ்த்து வைத்து டைனமோவைச் சுத்தி ரேடியோக் கேட்டது இந்தச் சனம்தான். மண்ணெண்ணெயில் மோட்டச் சைக்கிள் ஓட்டினதும் இந்தச் சனம்தான். ஆனால் அது ஏன் முடிந்தது எண்டு யோசியுங்கோ. டைனமோவில் எத்தனை வோல்ற் வருகுது எண்டது இரகசியம் இல்லை. ரேடியோவைக் கழட்டினால் உள்ளே எல்லாம் தெரியும். எஞ்சினும் அப்படித்தான். எங்கட கெட்டித்தனம் வேலைசெய்தது, திறந்து பார்க்கக்கூடிய பொருளில். கையொப்பம் இல்லாமல் வேகம் கூட்டாத சிப்புக்கு முன்னால் எந்தக் கெட்டிக்காரனும் கையைக் கட்டிக்கொண்டுதான் நிற்கவேணும். திருத்தும் பரம்பரை எண்டு பெருமை பேசுகிற ஊருக்குத்தான் பூட்டிய பொருளில் அதிகக் கோபம் வரவேணும். வருகுதா?

வரவில்லை. ஏனெண்டால் எங்களிடம் "இலவச" விண்டோஸ் இருக்கு. கடையில் சில ஆயிரம் ரூபாக்கு அடித்துத் தருவினம். அக்ரிவேற் பண்ணுவதற்கு ஒரு சின்ன மென்பொருள், அது ஓடுவதற்காக வைரஸ் காவலை நிப்பாட்டவேணும். காவல்காரனை அனுப்பிப்போட்டுக் கதவைத் திறந்து விடுகிறோம், அதற்குப் பெயர் சேவை. அந்தக் கொம்பியூட்டரில்தான் அம்மாவின் வங்கிக் கணக்கு, தங்கச்சியின் படங்கள், பல்கலைக்கழக ஒப்படை எல்லாம் இருக்கு.

அந்த இலவசத்துக்கும் இப்ப காலக்கெடு வந்துவிட்டது. விண்டோஸ் 10இன் ஆதரவு 2025 ஒக்ரோபர் 14ஆம் திகதியோட முடிந்தது. விண்டோஸ் 11க்கு இன்ரெல் எட்டாம் தலைமுறையோ அதற்குப் பிந்தியதோ வேணும், ரிபிஎம் 2.0 வேணும். எங்கட வீடுகளில் இருக்கும் பழைய ஒப்பீஸ் மெஷின்களில் பல மூன்றாம், நான்காம் தலைமுறை. அவையெல்லாம் நல்லா ஓடும் மெஷின்கள். பழுதில்லாத மெஷினைப் பழுதெண்டு சொல்லும் அதிகாரத்தை நாங்கள் தூர இருக்கும் இரண்டு மூன்று நிறுவனங்களுக்குக் குடுத்திருக்கிறம். விண்டோஸில் டிரைவர் சுகமாக வேலைசெய்வதும் மந்திரம் இல்லை. அங்கே சந்தை இருப்பதால் நிறுவனமே எழுதிக் குடுக்குது. சந்தை போனால் அதுவும் போகும். மேலே சொன்ன எச்டி 7000 தொடருக்கு நடந்தது அதுதான்.

எதிர்வாதங்களை மறைக்க விரும்பவில்லை. வலொரன்ற் விளையாடுபவருக்கு லினக்ஸ் உதவாது, அதன் ஏமாற்றுத் தடுப்பு மென்பொருள் விண்டோஸை விட்டு வராது. கலியாண அல்பம் செய்யும் ஸ்ரூடியோக்காரருக்கு ஃபோட்டோஷொப் இல்லாமல் தொழில் இல்லை. குடா பாவித்துச் செயற்கை நுண்ணறிவு படிக்கும் மாணவருக்கு என்விடியாதான் வேணும். இவர்களைப் பார்த்து "மாறுங்கோ" எண்டு கத்துவது அரசியல் இல்லை, ஆணவம். ஆனால் பாடம் படிக்க, நிரல் எழுத, படம் பார்க்க, பிளெண்டரில் கைபழக, ஸ்ரீமில் பெரும்பாலான விளையாட்டுகளை விளையாட எண்டு பாவிக்கிறவர்கள்தான் அதிகம். அவர்களுக்கும் அந்தக் காரணத்தையே சொல்லி விண்டோஸ் அடித்துக் குடுப்பதுதான் பிரச்சினை.

அடுத்து எங்கட பக்கம். லினக்ஸ் ஆர்வலர்களே, கொஞ்சம் கேளுங்கோ. "லினக்ஸ் சுகம், ஒரு பிரச்சினையும் இல்லை" எண்டு நீங்கள் சொல்லும் பொய், கடைக்காரர் சொல்லும் பொய்யைவிடக் கூடாதது. உங்களை நம்பிப் போட்ட பிள்ளை முதல் கறுப்புத் திரையில் தன்னைத்தான் முட்டாள் எண்டு நினைக்கும். கேள்வி கேட்டால் ஆங்கிலத்தில் ஒரு நீண்ட பக்கத்தை அனுப்பி "போய் வாசி" எண்டு சொல்வது உதவி இல்லை, வாசலில் நிண்டு வடிகட்டும் வேலை. எங்கட பாடப்புத்தகத்தில் பணிசெயல் முறைமை எண்டு ஒரு பாடம் இருக்கு. பிள்ளை அந்தச் சொல்லைப் பாடமாக்கி எழுதிப் புள்ளி எடுக்கும். பூட் ஆகாத ஒரு பணிசெயல் முறைமையை எப்படி மீட்பது எண்டு அதற்கு ஆரும் காட்டுவதில்லை.

தமிழில் முடியாத காரியமும் இல்லை இது. 2012இல் தொடங்கிய கணியம், கட்டற்ற மென்பொருள் பற்றித் தமிழிலேயே எழுதி வருகுது. 2005இல் தொடங்கிய நூலகம் திட்டம் ஈழத்து நூல்களை எண்ணிமமாக்கி ஆரும் வாசிக்கத் திறந்து வைத்திருக்கு. இரண்டும் கூட்டு உழைப்பு. ஆனால் தமிழில் நான் வாசித்த லினக்ஸ் வழிகாட்டிகள் பெரும்பாலும் டெஸ்க்ரொப் வந்தவுடன் "வாழ்த்துகள்" சொல்லி முடிந்துவிடும். அதற்குப் பிறகு வரும் பழுதைப்பற்றித் தமிழில் எழுதினால்தான் வாசித்த பிள்ளை லினக்ஸில் தங்கும்.

ஆகவே ஒரு தொடக்கத்தை நானே எழுதுகிறன். கட்டளைகளைத் தேடி எடுக்கலாம், ஏன் செய்கிறம் எண்டது விளங்கவேணும்.

போடுவதற்கு முதல், யூஎஸ்பியில் இருந்து லினக்ஸை ஓடவிட்டு, உங்கள் சிப்பின் உண்மையான பெயரைப் பாருங்கோ. பெட்டியையும் ஸ்ரிக்கரையும் நம்பவேண்டாம். பழைய ஃபேர்மி சிப்பை 1050 ரிஐ எண்டு மாற்றிக் காட்டும் போலிக் காட்டுகள் உலகச் சந்தையில் நிறைய வந்தவை.

டிரைவரை நிறுவனத்தின் இணையத்தளத்தில் இருந்து இறக்கிப் போடவேண்டாம். அது விண்டோஸ் பழக்கம். பூட்டிய டிரைவர் அந்தந்தக் கேர்னலுக்கு ஏற்பக் கட்டப்படவேணும். கேர்னல் புதுப்பித்தால் திரும்பவும் கட்டவேணும். மின்ற்றில் இருக்கும் டிரைவர் மனேஜர் ஊடாகப் போட்டால் அந்த வேலை தானாக நடக்கும். கையால் போட்டதைக் கையால்தான் காப்பாற்றவேணும். ஒரு கிழமை வடிவா ஓடி, அப்டேற்றுக்குப் பிறகு திரை கறுத்த கதைகளில் கனக்க இதுதான்.

டிரைவர் போட்டு ரீஸ்ராட் பண்ணும்போது நீலத் திரை ஒண்டு வந்தால் பயந்து முதலாவது தெரிவை அமத்தவேண்டாம். செக்கியூர் பூட், தெரியாத கையொப்பம் உள்ள டிரைவரை ஏற்காது. "என்ரோல் மொக்" எண்டதைத் தெரிந்து, போடும்போது குடுத்த கடவுச்சொல்லைக் குடுங்கோ. சில செக்கனில் அந்தத் திரை போய்விடும். தவறவிட்டால் டிரைவர் இருக்கும், ஓடாது.

திரை கறுத்தால் ஃபோர்மற் அடிக்கவேண்டாம். உங்கள் கோப்புகளுக்கு ஒண்டும் நடக்கேல்லை. தொடங்கும்போது எஸ்கேப்போ ஷிஃப்டோ அமத்தி, கிரப் பட்டியலில் மேலதிகத் தெரிவுக்குப் போய் முந்தைய கேர்னலைத் தெரியுங்கோ. அதுவும் சரிவராவிட்டால் அதே பட்டியலில் ஈ விசையை அமத்தி, லினக்ஸ் எண்டு தொடங்கும் வரியின் முடிவில் "நோமோட்செட்" எண்டு ஆங்கிலச் சிறிய எழுத்தில் சேர்த்து, எஃப்10 அமத்துங்கோ. படம் மெதுவாக வரும், ஆனால் வரும். பிறகு டிரைவரை முழுதாகக் கழட்டித் திரும்பப் போடலாம்.

கடைசியாக, பெரிய அப்டேற் ஒண்டுக்கு முதல் ரைம்ஷிஃப்டில் ஒரு பிரதி எடுத்து வையுங்கோ. 2022 மார்ச் கடைசியில் நாளுக்கு 13 மணித்தியாலம் வரை கறண்ட் வெட்டிய நாடு இது. கேர்னல் ஏறும்போது கறண்ட் நிண்டால் அதுவும் கறுப்புத் திரைதான்.

இவ்வளவையும் ஒரு ஆள் தனியே இருந்து மனப்பாடம் செய்யத் தேவையில்லை. ஊரில் நாலு பேர் சேர்ந்தால் காணும். உங்கள் காட்டின் சிப் என்ன, எந்த லினக்ஸ் போட்டது, எந்தத் தொடர் டிரைவர் வேலைசெய்தது, எது செய்யேல்லை எண்டு தமிழில் நாலு வரி எழுதி ஒரு பட்டியலில் சேருங்கோ. அந்தப் பட்டியல் ஐம்பது காட்டுக்கு வந்தால், குடாநாட்டில் எந்தக் காட்டை வாங்கக்கூடாது எண்டு எங்களுக்கே தெரியும். அப்ப கடைக்காரருக்கும் தெரியவரும். அவர் கெட்டவர் இல்லை, கேட்கிற பொருளைத்தான் கொண்டுவருவார்.

அதனால் அடுத்தமுறை காட் வாங்கப் போகேக்க விலையோட நிப்பாட்டாமல் இன்னும் இரண்டு கேள்வி கேளுங்கோ. உள்ளே இருக்கிறது எந்தச் சிப்? அதற்கான டிரைவர் திறந்ததா, பூட்டினதா? தெரியாதெண்டால் லினக்ஸ் உள்ள யூஎஸ்பி ஒண்டைக் கொண்டுபோய் கடையிலேயே போட்டுப் பாருங்கோ. பார்க்க விடாத கடையில் வாங்கவேண்டாம். வாங்கினால், சிப்பின் பெயரைப் பில்லில எழுதித் தரச் சொல்லுங்கோ.